இத்தாலித் துளசி

டிசம்பர் 8, திங்கள்

லாட்ஜ் முதலாளி ஷீலா மேடம் எழுதச் சொன்னாங்க, எழுதுகிறேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. ஐந்தாவதோடு நின்றவள். "என்னைக்கு என்ன தழை போட்ட, என்ன பருப்பு போட்டன்னு எழுதி வை குருவம்மா. கெஸ்ட் கேட்டா நான் சொல்லணும்ல." உரக்கடையில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி ஒரு எழுத்தும் எழுதாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

இன்று அரைத்தது: மல்லித்தழை இரண்டு கட்டு, வறுத்த நிலக்கடலை ஒரு கை, சீஸ் துருவல் ஒரு கை, ஆலிவ் எண்ணெய், உப்பு, பூண்டு ஒரு பல்.

ஒரே ஒரு பல்! கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு ஒரு பல். கீழேயிருந்து வருகிறவன் எல்லாம் மலைப்பூண்டு மலைப்பூண்டு என்று பை நிறைய வாங்கிப் போகிறான். இங்கே என்னவோ தங்கம் போடுகிற மாதிரி.

இதற்குப் பெயர் பெஸ்டோ. பாஸ்தாவில் பிசைந்து கொடுப்பது. நான் பார்த்தவரைக்கும் இது துவையல். புளி கிடையாது, மிளகாய் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிச் சொன்னால் மேடத்துக்கு மூக்கு சிவந்துபோகிறது. "கெஸ்ட் முன்னால தொவையல்னு சொல்லாத. தொவையலுக்கு யாரு காரெடுத்துக்கிட்டு மலையேறி வருவா?" மிக்ஸியிலும் அரைக்கக் கூடாதாம், சூட்டில் கறுத்துவிடுமாம். சின்னக் கல்லுரலில் இடித்து இடித்து எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாங்க. "வாசல் பாத்தியில அவ்ளோ பேசில் தழைச்சு நிக்குது. நீ எதுக்கு மார்க்கெட் மல்லிய அரைக்கிற?"

அந்தப் பாத்தி அவர் போட்டது. இந்த லாட்ஜின் தோட்டம் முழுக்க அவர் கைதான், இருந்தாலும் இதுதான் கடைசியாகப் போட்டது. கதம்பத்தில் பூக்காரி வைத்துக் கட்டுவாளே திருநீற்றுப் பச்சிலை, அதுக்கு இது கூடப்பிறந்தது என்பார். மேடம் பாத்தியில் ஒரு பலகை நட்டு 'இத்தாலித் துளசி' என்று எழுதி வைத்திருக்காங்க, வருகிறவர்கள் நின்று படம் எடுக்க.

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை மேடம். துளசி கிள்ளக் கூடாது."

"அது துளசி இல்ல குருவம்மா. பேசில்."

"நீங்கதானே துளசின்னு பலகை வச்சிருக்கீங்க."

பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிட்டாங்க.

அரைத்தது: புதினா, முந்திரி. மற்றதெல்லாம் அதேதான்.

டிசம்பர் 12, வெள்ளி

வெள்ளிக்கிழமையும் கிள்ளக் கூடாது. கேரட் தழை, பாதாம். மாட்டுக்குப் போடுகிற தழை. ஒரு கொதி விட்டுப் பிழிந்தால் கசப்பு போகிறது. பெங்களூரிலிருந்து வந்த பெண்ணொன்று கிண்ணத்தை வழித்து நக்காத குறை. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று ஆள் விட்டுக் கேட்கிறாள். மாடு சிரித்திருக்கும்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஞாயிறும் ஆகாது. முள்ளங்கிக் கீரை, பூசணி விதை.

ரூம் கூட்டுகிற பரிமளா கேட்கிறாள்: "செவ்வா ஆகாது, வெள்ளி ஆகாது, ஞாயிறு ஆகாது. நாளைக்குத் திங்கக்கிழமை. என்ன சொல்லப் போறக்கா?"

"இலையில பூச்சி."

"எங்க பூச்சி? நான் பாக்கவே இல்லையே."

"நீ ரூம்லயே பூச்சியப் பாக்கறதில்ல. தோட்டத்துல எங்க பாக்கப் போற?"

அதோடு போனாள்.

டிசம்பர் 15, திங்கள்

பூச்சி. பச்சைப் பட்டாணி, புதினா, முந்திரி.

டிசம்பர் 19, வெள்ளி

ராக்கு போன் பண்ணினாள். என் நாத்தனார், அவருடைய தங்கச்சி, தேனியில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிட்டு அழுவாள். அழுகை முடிந்ததும் இன்றைக்குப் புதுசாக ஒன்று சொன்னாள்.

"மதினி, நான் மாலை போட்டுட்டேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போறேன்."

"நீயா? பாத்ரூமுக்கு நடக்கவே செவத்தப் புடிக்கிற."

"எங்கண்ணன் போற நேரத்துல முருகான்னு சொல்லிட்டுப் போச்சுன்னு நீதான சொன்ன? எத்தன பேருக்கு அந்தக் கொடுப்பினை? அதுக்கு நான் நடக்க வேண்டாமா?"

நான்தான் சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க, சொன்னேன். அதற்காக இவளை யார் நடக்கச் சொன்னது? அந்த முட்டிக்கு டாக்டர் மாடிப்படியே ஏறாதே என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். "முருகன் தூக்கிட்டுப் போவான்" என்கிறாள். எத்தனை பேரைத்தான் தூக்குவான் அவன்.

பீட்ரூட், வால்நட். ரத்தம் மாதிரி சிவப்பு. மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

டிசம்பர் 23, செவ்வாய்

கிறிஸ்துமஸ் கூட்டம். நிற்க நேரமில்லை. புரோக்கோலித் தண்டு, பாதாம்.

சமையல்கட்டு ஜன்னல் இறுகிக்கொண்டது. புதுத் தோட்டக்காரர் காசிமாயன் வந்து தட்டித் திறக்கட்டுமா என்றார். வேண்டாம், குளிர் என்றேன். புகை கண்ணைக் கரிக்குதேக்கா என்றார். கரிக்கட்டும். என் கண்தானே.

டிசம்பர் 27, சனி

அந்த ஜன்னலைப் பற்றிப் பரிமளாவும் கேட்டுவிட்டாள். ஆளாளுக்கு ஒரு கேள்வி.

அது தோட்டத்தைப் பார்த்த ஜன்னல். நான் அந்த இலையை இடிக்கிற சத்தம் கேட்டால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் என் வீட்டுக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து நிற்பார். உள்ளங்கையை நீட்டுவார். ஒரு பொட்டு வைப்பேன். நக்கிவிட்டு, "பத்தல" என்பார். என்ன பத்தல? பூண்டு பத்தல. ஒரு நாளாவது நல்லாருக்கு என்று சொன்னாரா? கிடையாது. மேடம் எண்ணிக் கொடுக்கிறதை நான் எங்கே போய்க் கூட்ட? "ஒங்க மேடத்துக்கு மலையில இருக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு, கையை வேட்டியில் துடைப்பார். அந்த எண்ணெய்க் கறையைத் துவைக்கிறது யார்? நான்.

இப்போது வெள்ளை வேட்டி எல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது, பெட்டியில்.

ஜனவரி 1, வியாழன்

உரக்கடையிலிருந்து புது டைரி வந்திருக்கிறது. மேலே அவர் பெயர் அச்சடித்து. கருமாதிக்கு வந்து சாப்பிட்டுப் போன கடைக்காரர்தான். அச்சுக் கொடுக்கும்போது பெயரை எடுக்க மறந்துவிட்டாராம், போன் பண்ணி வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு என்ன? திருப்பி அனுப்பவும் மனசில்லை. இனிமேல் இதில்தான்.

மேடத்துக்குத் தனித் தாளில் தழை, பருப்பு மட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இதைக் காட்ட முடியாது.

ஜனவரி 5, திங்கள்

மேடம் சமையல்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாங்க. அவங்க நாற்காலி போட்டால் விஷயம் பெரிசு.

"இருபத்திநாலாம் தேதி சனிக்கிழமை கோயம்புத்தூர்லேருந்து டூர் கம்பெனிக்காரங்க மத்தியானம் சாப்பிட வர்றாங்க. புடிச்சிருச்சுன்னா வருஷம் பூரா ஆளனுப்புவாங்க. அவங்களுக்கு நான் சொல்லி வச்சிருக்கிறது நம்ம பாத்தி பேசில்ல பண்ற நிஜ பெஸ்டோ. மல்லி, கேரட் தழை எல்லாம் அப்புறம்."

நான் உரலைக் கழுவினேன்.

"அரைக்க முடியாதுன்னா இப்பவே சொல்லிரு குருவம்மா. கோயம்புத்தூர்லேருந்து ஒரு செஃப்பக் கூப்பிடறேன். உன்ன அனுப்பறேன்னு சொல்லல. ஆனா அவருக்குத் தங்க இடம் வேணும். இருக்கிறது உன் குவார்ட்டர்ஸ் ஒண்ணுதான்."

அனுப்பறேன்னு சொல்லலையாம். வேறு எப்படிச் சொல்வாங்களாம்?

ஒற்றை அறைதான். ஒழுகுகிற ஓடு. ஆனாலும் அந்த அறையில்தான் அவர் போனார். அதை விட்டு நான் எங்கே போக?

ஜனவரி 8, வியாழன்

இலை ஈரமாக இருந்தது. ஈர இலை அரைத்தால் கறுத்துவிடும் என்று மேடம்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அதையே திருப்பிச் சொன்னேன். சௌசௌக் கொழுந்து, நிலக்கடலை. தேறாது. கோந்து மாதிரி வந்தது.

ஜனவரி 12, திங்கள்

காசிமாயன் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். "அக்கா, அந்தப் பாத்தி பூ விட்டுருச்சு. நுனியக் கிள்ளிக்கிட்டே இருந்தாத்தான் தழைக்கும். கிள்ளாம விட்டா முத்தி விறகாப் போயிரும். மேடம் கிள்ளுங்கிறாங்க, நீ தொடாதங்கிற. நான் யாரு பேச்சக் கேக்குறது?" சொல்லிக்கொண்டே ஒரு இலையைக் கசக்கி என் மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாரு, என்ன வாசம்!"

கையைத் தட்டிவிட்டேன். மனுஷன் வெலவெலத்துப் போனார். பிறகு டீ போட்டுக் கொடுத்தேன்.

சரி. எழுதித் தொலைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

ஐப்பசி அடைமழை. இனி வைத்துப் பார்த்துப் பிரயோசனமில்லை என்று மதுரை ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் நோவு. விடிந்து கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ராக்கு காலடியில் கிடந்தாள். பரிமளா "துளசித் தண்ணி ஊத்துங்க, துளசித் தண்ணி" என்று கத்தினாள். எங்கள் வாசலில் துளசி ஏது? வைத்ததெல்லாம் இந்தக் குளிருக்குத் தாங்காமல் போனது. மேடம் குடைகூட எடுக்காமல் மழையில் ஓடினாங்க. திரும்பி வரும்போது முழங்கால்வரை சேறு, கை நிறைய இலை. டம்ளர் தண்ணீரில் போட்டு என்னிடம் நீட்டினாங்க.

வாசம் வந்ததுமே தெரிந்துவிட்டது. பாஸ்தாவுக்குப் போடுகிற இலை. இத்தாலித் துளசி!

நான் என்ன சொல்ல? அந்தம்மா நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறாங்க. வேறு இலைக்கு நேரமுமில்லை. ஸ்பூனால் ஊற்றினேன். முழுங்கினார். உதட்டைச் சப்பினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். என் காது மட்டும்தான் பக்கத்தில் இருந்தது.

அதை எழுத மாட்டேன். ராக்கு கேட்டாள், முருகா என்றேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. ஊரே கும்பிட்டது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். துக்க வீடு, வைக்கவில்லை. மேடம் வீட்டில் வைத்து ஒரு கிண்ணம் அனுப்பினாங்க. நெய் மிதக்கிறது, வெல்லம் பத்தவில்லை.

ஜனவரி 17, சனி

உறைபனி விழப்போகிறதாம். மேடம், "நாளைக்கு மொத்தப் பாத்தியையும் அறுத்து அரைச்சு ஃப்ரீஸர்ல வச்சிரு. இல்லன்னா ஒரே ராத்திரியில கருகிரும்" என்றாங்க. நாளைக்கு ஞாயிறு, கிள்ளக் கூடாது என்றேன். முறைத்த முறையில் நானே கருகியிருப்பேன்.

ஜனவரி 18, ஞாயிறு

அவருடைய பழைய கம்பளி ஒன்று கிடந்தது. பூச்சி அரித்தது. யாரும் உடுத்த முடியாது, தூக்கிப் போடவும் சோம்பல். சாயங்காலம் பாத்தி மேல் போர்த்திவிட்டேன். சும்மா கிடக்கிறதுக்கு அங்கே கிடக்கட்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டினது போல. கம்பளி பாதிப் பாத்திக்குத்தான் எட்டியிருந்தது. அவரே குட்டை, அவர் கம்பளி எங்கே எட்டும்? வெளியே நின்ற பாதி கறுத்து, வெந்த கீரை மாதிரித் தலை தொங்கிவிட்டது. கம்பளிக்குள் இருந்தது பச்சையாக நின்றது.

நான் கம்பளியை எடுத்து உதறிக்கொண்டிருந்தேன். பின்னால் மேடம். எப்போது வந்து நின்றாங்களோ தெரியாது. திட்டு விழும் என்று நினைத்தேன். கம்பளியையே பார்த்தாங்க.

"அன்னைக்கு நான் கொண்டு வந்தது துளசி இல்லன்னு எனக்குத் தெரியும் குருவம்மா."

நான் உதறிக்கொண்டேயிருந்தேன்.

"மழையில வேற எங்க போறதுன்னு தெரியல. பேர்லயாவது துளசி இருக்கேன்னு பறிச்சுட்டு வந்துட்டேன். உன் மூஞ்சியப் பாத்தப்பவே நீ கண்டுபிடிச்சுட்டன்னு தெரிஞ்சுச்சு. அப்புறம் கேக்கத் தைரியம் வரல."

இதை இத்தனை நாள் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அரை அரை என்று என் உயிரை எடுத்தாங்களா? என்ன மனுஷியோ. நானும் இதையேதான் வைத்துக்கொண்டு செவ்வாய் வெள்ளி பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை. "கால்ல செருப்பில்லாம நிக்கிறீங்க, பனி கடிக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 22, வியாழன்

ராக்கு போன். ஒரே லாரிச் சத்தம்.

"மதினி, செம்பட்டி தாண்டிட்டோம். முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு. வலிக்கிறப்பல்லாம் முருகா முருகாங்கிறேன். அண்ணன் சொன்ன அதே பேரு."

எனக்குப் பொறுக்கவில்லை.

"ராக்கு, நில்லு. எங்கயாச்சும் உக்காரு."

"என்னா மதினி?"

"உக்காந்துட்டியா?"

"மைல்கல்லு மேல உக்காந்திருக்கேன். சொல்லு."

"அவரு முருகான்னு சொல்லலடி."

லாரி இரண்டு மூன்று போனது.

"பின்ன என்ன சொல்லுச்சு?"

"இதுல பூண்டு எங்கன்னு கேட்டாரு."

அவள் வாயைத் திறப்பதற்குள் மீதியையும் கொட்டிவிட்டேன். 

"துளசித் தண்ணி இல்லடி அது. அவசரத்துல பாஸ்தா இலையப் போட்டுக் குடுத்தாச்சு. நான் தெனம் ஜன்னல்ல குடுப்பேன்ல, அந்த ருசி. கண்ண முழிச்சு, இதுல பூண்டு எங்கடின்னாரு. அவ்வளவுதான். அத நான் ஊருக்கு எப்படிச் சொல்ல? சாகப்போற மனுஷன் பூண்டு கேட்டாருன்னா சிரிக்க மாட்டாங்க?"

விசும்பல் மாதிரிக் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்! நடுரோட்டில், மைல்கல்லின் மேல் உட்கார்ந்து, மூச்சு விட முடியாமல் சிரிக்கிறாள்.

"எங்கண்ணனேதான்! மதினி, அது எங்கண்ணனேதான்! என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, சபையில உக்காந்துக்கிட்டு ரசத்துல பூண்டு பத்தலன்னு சொல்லுச்சு. மாப்ள வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போகப் பாத்தாங்க. முருகான்னு நீ சொன்னப்பவே எனக்குள்ள ஒரு சந்தேகம். எங்கண்ணனா அப்படிச் சொல்லும்னு."

"சந்தேகப்பட்டுக்கிட்டேதான் நடந்தியா?"

"பாவி, முந்தியே சொல்லியிருந்தா என் முட்டியாவது மிஞ்சியிருக்கும்ல."

"பஸ் ஏறி வீட்டுக்குப் போ ராக்கு."

"பாதி வழி வந்தாச்சு. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆமா, அந்த இலைய இப்ப அரைக்கிறியா?"

"இல்ல. தொடவே இல்ல."

"ஏன்? அண்ணன் பூண்டு கேட்டுட்டுத்தானே போச்சு. போட்டு அரைச்சுக் குடுக்க வேண்டியதுதானே?"

இவள் எப்போதும் இப்படித்தான். எல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடும் அவளுக்கு.

ஜனவரி 24, சனி

கிள்ளினேன். சனிக்கிழமை, ஒரு தோஷமும் கிடையாது. பூ விட்ட தண்டையெல்லாம் விதைக்கென்று காசிமாயனிடம் கொடுத்துவிட்டேன். கை முழுக்க அந்த வாசம். கழுவக் கழுவப் போகவில்லை, அதனால் கழுவுவதை விட்டேன்.

காசிமாயனைக் கூப்பிட்டு ஜன்னலைத் தட்டித் திறக்கச் சொன்னேன். இரண்டு அடியில் திறந்துகொண்டது. இதற்கா இவ்வளவு நாள்.

அரைத்தது: பச்சிலை ஒரு முறம். வால்நட். சீஸ். ஆலிவ் எண்ணெய். உப்பு. மலைப்பூண்டு. மேடம் எடுத்து வைத்திருந்த ஒரு பல்லை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, கூடையிலிருந்து நானே உரித்துப் போட்டேன்.

மேடம் ஸ்பூனில் எடுத்து வாயில் வைத்தாங்க. கண்ணில் தண்ணீர்.

"எத்தன பல்லு போட்ட?"

"எண்ணல மேடம்."

"குருவம்மா, இது பெஸ்டோ இல்ல. தொவையல்."

"அததான் நான் மொதல்லேருந்து சொல்லிட்டிருக்கேன்."

வேறு அரைக்க இலையும் இல்லை, நேரமும் இல்லை. அப்படியே போனது. டூர் கம்பெனிக்காரர்கள் சாப்பிட்ட பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாங்க. ஆனால் கிண்ணத்தைப் பிரெட்டால் துடைத்துத் தின்றிருந்தாங்க. ஆள் அனுப்புவாங்களா இல்லையா என்று போனில் சொல்வாங்களாம். மேடம் வந்து நாற்காலி போடாமல் நின்றபடியே சொன்னாங்க: "செஃப் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா இனிமே நாலு பல்லுக்கு மேல போட்ட, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

ஒன்று நாலானது. பார்ப்போம்.

உரலைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு பொட்டு எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இருந்தாலும் நின்றேன். காற்று உள்ளே வந்து புகையை எல்லாம் வாரிக்கொண்டு போனது.

ஒரு சத்தமும் இல்லை. எந்நாளும் பத்தல பத்தல என்று உயிரை வாங்கின மனுஷன், இன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை பாரு. அப்படியென்றால் பூண்டு சரியாகத்தான் இருந்திருக்கிறது.